அறுத்துப் பார்த்த கூடு

தேவிபட்டினம்,
ஆடி மாதம்.

அன்புள்ள ஜமால்,

உன் கடிதமும் அதோடு அனுப்பிய படங்களும் வந்து நான்கு நாளாகிறது. ஆடி அமாவாசை நேரம். நவபாஷாணத்துக்கு வந்த கூட்டத்தில் எங்கள் தெருவே நிறைந்து கிடந்தது. வீட்டிலும் பரமக்குடி, சாயல்குடி என்று இரண்டு பக்கத்துச் சொந்தமும் வந்து தங்கியிருந்தார்கள். எல்லோரையும் பஸ் ஏற்றிவிட்ட பிறகுதான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படங்களைப் பார்த்தேன். பார்த்ததிலிருந்து மனசு சரியில்லை. ஊர்ச் சேதியெல்லாம் அப்புறம். முதலில் அந்தப் பித்தளைக் கூட்டை, அதாவது சுட்ட பிறகு நீ திரும்பப் பவுடர் போட்டு ஏற்றுகிற தோட்டாவின் காலிக் கூட்டைப் பற்றிப் பேசிவிடுகிறேன்.

நீ ரம்பத்தால் நீளவாக்கில் அறுத்து வைத்திருக்கிறாயே, அதில் அடிப்பக்கத்துக்குச் சற்று மேலே, உள்சுவரில் ஒரு பள்ளம் ஓடுகிறது. வெளியே அதே இடத்தில் ஒரு மின்னுகிற வளையம். "ஐந்தாவது தடவை ஏற்றியது, கொஞ்சம் அழுக்காக இருக்கலாம்" என்று எழுதியிருக்கிறாய். அது அழுக்கு இல்லை, ஜமால். கூடு இரண்டாகப் பிரிவதற்கு முன்னால் காட்டுகிற அடையாளம். அடுத்த தடவையோ அதற்கடுத்த தடவையோ அது அந்த இடத்தில் கழன்றிருக்கும்.

எனக்கு இது எப்படித் தெரியும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ராணுவத்தில் துப்பாக்கி பழுது பார்க்கிற ஆர்மரர் பயிற்சியைச் செகந்திராபாத்தில் முடித்து, 24 வருடம் துப்பாக்கிகளைப் பிரித்து மாட்டிக்கொண்டிருந்தவன் நான். எங்களுக்குத் தோட்டா தொழிற்சாலையிலிருந்து வரும். சுட்டு முடித்ததும் காலிக் கூடுகளை எண்ணி ஒப்படைக்க வேண்டும். ஒன்று குறைந்தால் மண்ணைச் சலித்துத் தேடுவோம். அதனால் என் கையால் ஒரு ரவைகூட, அதாவது ஒரு முழுத் தோட்டாகூட, நான் ஏற்றியதில்லை. ஆனால் சுட்ட கூட்டைக் கையில் எடுத்தால் துப்பாக்கிக்கு உள்ளே என்ன நடந்தது என்று படிக்கத் தெரியும். ஒருமுறை ரேஞ்சில் ஒரு பையனின் எஸ்.எல்.ஆர். துப்பாக்கி அடைத்துக்கொண்டது. திறந்து பார்த்தால் கூட்டின் அடிப்பாகம் மட்டும் வெளியே வந்து விழுந்திருக்கிறது, முன்பாதி அப்படியே சேம்பரில், ரவை போய் உட்காருகிற அறையில், உட்கார்ந்திருக்கிறது. அடுத்த ரவை அதற்குள் போய் இறுகிவிட்டது. அன்றைக்கு அவன் கண்ணுக்கும் முகத்துக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பித்தளைத் துண்டை இழுத்து வெளியே எடுத்தபோது என் கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது. அதன் விளிம்பு பார்க்க உன் படத்தில் இருக்கிற பள்ளத்தைப் போலத்தான் இருந்தது.

காரணம் இதுதான். சுடும்போது கூடு சேம்பரின் சுவரோடு ஒட்டிப் பிடித்துக்கொள்கிறது. மெல்லிய முன்பாகம் பிடித்துக்கொள்ள, தடித்த அடிப்பாகம், சேம்பரைப் பின்னாலிருந்து மூடுகிற போல்ட்டைத் தொடும்வரை பின்னால் தள்ளப்படுகிறது. நடுவில் சந்திக்கிற இடம் இழுபடுகிறது. கூட்டைப் பழைய அளவுக்குக் கொண்டுவர நீ டை என்ற அச்சில் கொடுத்து அழுத்தும்போது, கழுத்துக்குக் கீழே சரிகிற தோள்பட்டையை எவ்வளவு பின்னுக்குத் தள்ளுகிறாயோ, அவ்வளவும் அடுத்த வெடியில் திரும்ப நீளும். டை பெட்டியில் வந்த காகிதத்தில் போட்டிருக்கிறபடி, அழுத்துகிற பிரஸ்ஸில் முட்டும்வரை டையை இறக்கியதாக எழுதியிருக்கிறாய். பலர் அப்படித்தான் தொடங்குகிறார்கள். ஆனால் உன் துப்பாக்கியின் சேம்பர் எவ்வளவு என்று அந்தக் காகிதத்துக்குத் தெரியாது. உன் துப்பாக்கியில் சுட்ட கூட்டையே அளந்து பார்த்து, அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று நான்கு பங்கு மட்டும் தோளைத் தள்ளினால் போதும். அதை அளக்கத் தனிக் கேஜ் இருக்கிறது. வாங்கிவிடு.

உன் கிளப் நண்பர் சொன்னாராமே, கழுத்தை மட்டும் அழுத்தினால் போதும், பித்தளை பத்து மடங்கு உழைக்கும் என்று. அவர் சுடுவது போல்ட் ஆக்‌ஷன். அவர் கை போல்ட்டைத் தள்ளி மூடும்போது கொஞ்சம் இறுக்கமாக இருந்தால் அவருக்கு உடனே தெரியும், நிறுத்தலாம், வெளியே எடுத்துப் பார்க்கலாம். உன் காரண்ட் துப்பாக்கி செமி ஆட்டோமேட்டிக், அதில் அந்தக் கை இல்லை. ஸ்பிரிங் தள்ளுகிறது. ரவை முழுதாக உள்ளே போகவில்லை என்றால் அதைச் சொல்ல ஆள் இல்லை. போல்ட் கையில் செய்ய வேண்டிய சோதனை அத்தனையும் நீ மேஜையிலேயே செய்து முடித்தாக வேண்டும். இதைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டும் என்று நான்கு நாளாக மனசுக்குள் வைத்திருக்கிறேன். செமி ஆட்டோமேட்டிக்குக்கு ஏற்றுகிறவன் கூட்டை முழு நீளத்துக்கும்தான் அழுத்த வேண்டும், ஆனால் அளந்து அழுத்த வேண்டும்.

அதோடு சேர்ந்ததுதான், கூட்டின் அடியில் இருந்து பவுடரைப் பற்றவைக்கிற பிரைமர் விஷயமும். எஸ்.எல்.ஆரில், பிரைமரைக் குத்துகிற ஃபயரிங் பின்னைப் பின்னால் பிடித்து வைக்க ஒரு ஸ்பிரிங் உண்டு. 1936இல் அமெரிக்க ராணுவம் எடுத்துக்கொண்ட உன் எம்1 காரண்டில் அது கிடையாது. பின் சும்மா மிதந்துகொண்டிருக்கிறது. போல்ட் முன்னால் வந்து மோதி நிற்கும்போது பின் தன் வேகத்தில் பிரைமரை லேசாகக் குத்தும். சுடாத ரவையை வெளியே எடுத்துப் பார், சின்னப் புள்ளி ஒன்று இருக்கும். பிரைமர் சரியான ஆழத்தில் உட்கார்ந்திருந்தால் அதனால் ஒன்றுமில்லை. மேலே துருத்திக்கொண்டிருந்தாலோ, மென்மையான பிரைமராக இருந்தாலோ, விசையில் விரல் வைக்காமலே வெடிக்கும். அதுவும் போல்ட் முழுதாகப் பூட்டிக்கொள்ளாத நேரத்தில் வெடித்தால் என்ன ஆகும் என்று எழுதவே எனக்குப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு பிரைமரையும் விரல் நுனியால் தடவிப் பார். அடித்தளத்தின் மட்டத்துக்குக் கொஞ்சம் உள்ளே இருக்க வேண்டும். ராணுவத் துப்பாக்கிக்கு என்று கடினமான பிரைமர் விற்கிறார்கள். அதையே வாங்கு.

நீ ஒற்றை ரவையைக் கையால் சேம்பரில் வைத்து போல்ட்டை விடுவதாகவும் எழுதியிருக்கிறாய். தயவுசெய்து அதை இன்றோடு விட்டுவிடு. எட்டு ரவையைச் சேர்த்துப் பிடித்திருக்கிற கிளிப்பிலிருந்து போல்ட் ரவையை உரித்துக்கொண்டு போகும்போது அதன் வேகம் கொஞ்சம் குறையும். சேம்பரில் ஏற்கெனவே ரவை இருந்தால் போல்ட் தடையே இல்லாமல் வந்து அடிக்கும். ஒற்றை ரவைக்கு என்றே தனி கிளிப் இருக்கிறது.

பவுடரில் நீ பொறுமையாகத்தான் இருக்கிறாய். அச்சடித்த புத்தகத்தில் இருக்கிற குறைந்த அளவிலிருந்து தொடங்குவது, மேஜையில் ஒரு நேரத்தில் ஒரே டப்பா வைப்பது, இரண்டும் சரி. மெதுவாக எரிகிற பவுடரை மட்டும் அந்தத் துப்பாக்கியில் போடாதே. போல்ட்டை இயக்குகிற வாயுவை எடுக்கிற துளை குழாய் முனைக்குப் பக்கத்தில் இருக்கிறது. மெதுவாக எரிந்தால் குண்டு அந்த இடத்தைத் தாண்டும்போது அழுத்தம் மிச்சமாக இருக்கும். அது போல்ட்டை இழுக்கிற ஆபரேட்டிங் ராடை வளைத்துவிடும். இன்னொன்று. சத்தம் 'புஸ்' என்று கேட்டு, கூடு தானாக வெளியே வராமல் நின்றால், கையால் இழுத்துவிட்டு அடுத்ததைச் சுடாதே. குண்டு குழாயின் நடுவில் நின்றிருக்கலாம். குழாய்க்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மற்றது.

பேரன் பக்கத்தில் உட்கார்ந்து கதை பேசுகிறான் என்று எழுதியதைப் படித்துச் சந்தோஷப்பட்டேன், ஆனாலும் பயமாக இருக்கிறது. பேசிக்கொண்டே ஊற்றும்போதுதான் ஒரு கூட்டில் இரண்டு தடவை பவுடர் விழும். அதைவிடப் பெரிய விஷயம் காரீயம். நம் தெருவுக்கு ஈயம் பூச வருகிறவர் பூசியது வெள்ளீயம், அதில் சாப்பிடலாம். பிரைமரில் இருப்பது காரீயம். சுட்ட பிரைமரின் கரியிலும், கூடு துலக்குகிற இயந்திரத்தின் தூசியிலும் அது இருக்கும். பிள்ளைகளின் மூளைக்குக் கெடுதல். மேஜை வேலை முடித்து, சோப்புப் போட்டுக் கை கழுவி, சட்டையை மாற்றிவிட்டு அவனைத் தூக்கு. துலக்குகிற வேலையை சமையலறைக்கு வெளியே வைத்துக்கொள்.

துலக்குவது என்றதும் நினைவு வருகிறது. பித்தளை பளபளக்க என்ன போடலாம் என்று கேட்டிருந்தாய். கீழக்கரையில் உங்கள் அம்மா புளி போட்டுத்தான் அண்டா தேய்த்தார்கள், அதைவிட நல்லது எனக்குத் தெரியாது. புளியில் இருக்கிற டார்டாரிக் அமிலம் செய்கிற வேலையைத்தான் நீ இருக்கிற ஊரில் எலுமிச்சை உப்பை, அதாவது சிட்ரிக் அமிலத்தை, கரைத்துச் செய்கிறார்கள். சமையல் உப்பு மட்டும் சேர்க்காதே, நீண்ட நேரம் ஊறவும் விடாதே. துத்தநாகம் வெளியேறி பித்தளை செம்பு நிறத்துக்குப் போய்விடும். அலசி, வெயிலில் காய வைத்தால் போதும்.

ஆனால் அம்மோனியா கலந்த பாலிஷைக் கிட்டவே சேர்க்காதே. இதற்கு ஒரு பழைய கதை நம் நாட்டிலேயே இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் படை மழைக்காலத்துக்காகத் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்தது. மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தால், சுடாமலேயே கூடுகள் விரிசல் விட்டிருந்தன. பருவம் மாறியதால் வந்த வெடிப்பு என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். 1921இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவர்தான் காரணத்தைத் தெளிவாக்கினார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பிய அம்மோனியா ஒரு பக்கம், கூட்டை இழுத்து வடித்தபோது பித்தளைக்குள் தங்கிவிட்ட இறுக்கம் இன்னொரு பக்கம். இரண்டும் ஈரத்தில் சேர்ந்தபோது விரிசல். சூடு காட்டி அந்த இறுக்கத்தை எடுத்த பிறகு தொல்லை தீர்ந்தது. பாண்டியர் காலத்தில் அரபுக் குதிரை வந்து இறங்கிய கரையில் பிறந்தவர்கள் நாம். இந்தக் கதையைப் பயிற்சியில் கேட்ட நாளிலிருந்து பித்தளையைக் கையில் எடுத்தாலே எனக்கு லாயம்தான் கண்ணில் தெரியும். நீ கழுத்துக்குச் சூடு காட்டுவதும் அதே வைத்தியம்தான். கழுத்தோடு நிறுத்திக்கொள். அடிப்பாகத்துக்குச் சூடு ஏறினால் அது இளகிவிடும், பிறகு அழுத்தம் தாங்காது.

இங்கே உப்புக்காற்று எதையும் விட்டு வைப்பதில்லை. போன வருடம் மாற்றிய ஜன்னல் கம்பி பொரிந்து உதிர்கிறது. 1914இல் போட்ட பாம்பன் பாலத்துக்கும் கடைசியில் வயசாகிவிட்டது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போட்டிருக்கிறார்கள். கப்பல் போக 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே மேலே எழும்புகிறது. நீ வந்தால் முதல் வேலையாக அங்கே போய் நிற்போம்.

வீட்டில் எல்லோரும் நலம். சின்னவளுக்கு மண்டபத்திலேயே வேலை கிடைத்துவிட்டது, தினம் போய் வருகிறாள். ஆடிக் காற்று மண்ணை வாரி இறைக்கிறது. சாயல்குடி மச்சான் நல்ல கருப்பட்டி ஒரு ஓலைக்கொட்டான் கொண்டுவந்தார். பாதியை உனக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன். உன் தங்கை மகன் அடுத்த மாதம் கிளம்புகிறானாமே, அவனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நீ இரண்டு வேலை செய். சின்னக் கம்பியின் நுனியை வளைத்து, மிச்சக் கூடுகளின் உள்சுவரை ஒவ்வொன்றாக வருடிப் பார். பள்ளம் தட்டுப்பட்டதையெல்லாம் குறட்டால் நசுக்கிப் பழைய பித்தளையில் போட்டுவிடு. ஐந்து தடவை சுட்ட அந்த மொத்தப் பெட்டியும் போனாலும் போகட்டும். எத்தனை கழித்தாய், தோளை எவ்வளவு தள்ளியிருந்தாய் என்று அளந்து எழுது. அது வரும்வரை ரேஞ்சுக்குப் போகாதே.

உன்,
பாண்டி