சாவ்னேர் சுரங்கத்துக்குள்ளிருந்து வடசேரிக்கு

பாபநாசம்

அன்புள்ள கோவிந்தராஜு,

இங்கே எல்லோரும் நலம். குறுவை நட்டாகிவிட்டது. ஆற்றுத் தண்ணீர் நேரத்துக்கு வந்ததால் மோட்டார் ஓட்டும் வேலை குறைவு.

சின்னவன் நாக்பூரில் இருக்கிறான் அல்லவா, அவனைப் பார்க்கப் போன இடத்தில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்த்துவிட்டு வந்தேன். 2023ல் வடசேரி பெயர் மத்திய அரசின் நிலக்கரி ஏலப் பட்டியலில் வந்து உங்கள் ஊரே கொதித்தபோது, "தோண்டித்தான் ஆகணும்னா அடியில தோண்டிக்கட்டும், மேல நெல்லு விளையட்டும்" என்றாயே, அதை நினைத்துக்கொண்டேதான் இறங்கினேன்.

நாக்பூர் பக்கத்தில் சாவ்னேர் என்று ஊர். வெஸ்டர்ன் கோல்ஃபீல்ட்ஸ் என்ற நிலக்கரி நிறுவனமும் மகாராஷ்டிர சுற்றுலாக் கழகமும் சேர்ந்து 2016லிருந்து ஆட்களை உள்ளே கூட்டிப்போகிறார்கள். வேலை நடக்கிற சுரங்கம். பீடி, தீப்பெட்டி, செல்போன் எதுவும் உள்ளே போகக் கூடாது. தீப்பிடிக்கும் மீத்தேன் வாயு இருக்கும் இடத்தில் ஒரு பொறி போதும். பூட்ஸும் விளக்கு மாட்டிய ஹெல்மெட்டும் போட்டுக்கொண்டு சரிவில் இறங்கினால், கரியாக இருக்கும் என்று நினைக்கிற சுவரெல்லாம் வெள்ளை! கரித்தூள் காற்றில் கிளம்பித் தீப்பிடித்தால் வெடிக்குமாம். அதை அடக்கக் கல்பொடி தூவி வைத்திருக்கிறார்கள்.

என்னை நிறுத்தியது கூரைதான். மேலே துளை போட்டு இரும்புக் கம்பிகளை இறக்கிப் பாறையை இறுக்கியிருக்கிறார்கள். அதற்குப் பிறகும் ஒருவர் கோலால் தட்டித் தட்டிக் காது கொடுக்கிறார். கணீரென்றால் சரி, பொள்ளலாகக் கேட்டால் பாறை பிரிந்திருக்கிறது என்று அர்த்தம். இத்தனை இயந்திரம் வந்தும் கடைசியில் மனுஷன் காதுதான்.

கரியை மொத்தமாக வெட்டுவதில்லை. நம் வயலில் வரப்பு ஓடுகிற மாதிரி குறுக்கும் நெடுக்குமாகப் பாதை வெட்டி, நடுவில் சதுரம் சதுரமாகத் தூண் விடுகிறார்கள். அதுவரை நீ சொன்னது சரிதான், மேலே விவசாயம் நடக்கும். ஆனால் கடைசியில் அந்தத் தூண்களிலும் கரி இருக்கிறதே, விடுவார்களா? பின்னால் அதையும் எடுத்துக்கொண்டே வருவார்கள், கூரை தானாக விழும். மணல் போட்டு நிரப்பாத இடத்தில் மேல் நிலம் தாழும். பருத்திக் காட்டில் ஒரு சாண் தாழ்ந்தால் சமாளிக்கலாம். நம்மிடம் ஒரு சாண் தாழ்ந்தால் கடைமடைக்குத் தண்ணீர் எப்படிப் போகும்? வாட்டமே இல்லாத பூமியில் வாய்க்கால் ஓடுவதே பெரிய காரியம்.

அடுத்தது இறைப்பு. சுரங்கத்தில் ஊறும் தண்ணீரை விடாமல் வெளியேற்ற வேண்டும். அதைச் சுத்தம் செய்து 'கோல் நீர்' (கோல் என்றால் இங்கிலீஷில் நிலக்கரி) என்று பாட்டிலில் விற்கிறார்கள். கெட்டிக்காரர்கள்தான்! ஆனாலும் அத்தனையும் நிலத்தடி நீர் அல்லவா.

இதெல்லாம் கெட்டிப் பாறை உள்ள ஊர்க் கதை. நம் பக்கத்துப் பழுப்பு நிலக்கரியை நெய்வேலியில் எடுக்கிற விதம் உனக்கே தெரியும். மேல் மண்ணை முழுக்க வாரிப்போட்டு, கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நீரை ராப்பகலாக இறைத்தால்தான் அங்கே வேலையே நடக்கும். அந்த 2023 ஏப்ரலிலேயே வடசேரியையும் மைக்கேல்பட்டியையும் பட்டியலிலிருந்து எடுத்தார்களே, அதற்கு நீங்கள் போட்ட சத்தம் வீணில்லை. அடியில் தோண்டும் யோசனையை மட்டும் இனிமேல் கூட்டத்தில் சொல்லாதே.

முழங்கால் வலி தேவலையா? மகளுக்குத் திருவாரூர் வரன் என்ன ஆயிற்று என்று எழுது.

அன்புடன்,
சந்தானம்