ஃப்ரீசரில இருக்கிறதை மட்டும் வில்

வெள்ளவத்தை

அன்பின் சினேகிதிக்கு,

போனில நாலு வசனம் கதைக்கமுன்னம் உன்ர சின்னவன் அழத் தொடங்கிவிடுறான், அதுதான் எழுதுறன். அவனுக்கு ஏழு மாதம், மூத்தவள் இரண்டாம் ஆண்டு, மாமி வீட்டோட, கொட்டாஞ்சேனை ஃப்ளாட்டில சின்னக் குசினி. இதுக்குள்ள கேக் ஓடர் எடுக்கவா, ரோல்ஸ் செய்யவா எண்டு கேட்டிருக்கிறாய். கேக்கை இப்போதைக்கு விடு.

உனக்குக் கேக் வடிவா வரும், அது ஊரறிஞ்சது. ஆனா கைப்பிள்ளைக்காரி ஒரு வேலையை எடுக்கமுன்னம், அதை எந்தெந்த இடத்தில நிப்பாட்டலாம் எண்டு பாக்கவேணும். பேக்கிங் பவுடர் போட்டு அடிச்ச கலவை உடன ஓவனுக்குள்ள போகவேணும். நீ நப்பி மாத்திப் பால் குடுத்து வர அரை மணித்தியாலம் போனா கேக் சரியா எழும்பாது. பட்டர் ஐசிங் கொழும்பு வெக்கையில இளகி வழியும். பிறந்தநாளைத் தள்ளிவைக்கவும் ஏலாது. அண்டைக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டா ஓடரும் போச்சு, பேரும் போச்சு.

ரோல்ஸ் அப்பிடியில்லை. கறி ஒரு நாள், பான்கேக் ஒரு நாள், சுத்தி ரஸ்க் தூளில பிரட்டுறது இன்னொரு நாள் எண்டு பிரிக்கலாம். 30 ரோல்ஸுக்கு அளவு: உருளைக்கிழங்கு 1 கிலோ, 425 கிராம் டின்மீன் ஒண்டு (தண்ணி வடிச்சு), வெங்காயம் 250 கிராம், பச்சை மிளகாய் எட்டு, மிளகுதூள், கறிவேப்பிலை. பான்கேக்குக்குக் கோதுமை மா 500 கிராம், முட்டை ரெண்டு, தண்ணி 1.1 லீற்றர் அளவு. ஒண்டுக்கு 55 கிராம் கலவை, 45 கிராம் கறி. தராசில நிறுத்துச் செய். கைக்கணக்கில செய்தா கடைசி அஞ்சு ரோல்ஸுக்குக் கறி இராது.

பிழைக்கிற இடங்களும் தெரிஞ்சதுதான். கிழங்கைத் தண்ணி வடியவிடாமல் மசிச்சா கறி ஈரமாகி, பொரிக்கேக்க ஆவி கிளம்பி ரோல்ஸ் வெடிக்கும். ஓரத்தை மாப்பசையால ஒட்டாட்டியும் அதேதான். கறியைச் சட்டியோட ஃப்ரிட்ஜில வைக்காதை, நடு ஆறவே மாட்டுது. அகலத் தட்டில மெல்லிசாப் பரப்பி ஆறவிட்டு, அடுப்பால இறக்கி ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள உள்ள வை. எங்கட வெக்கையில மீனும் கிழங்கும் அதுக்கு மேல தாங்காது. பிரட்டின ரோல்ஸை ஒண்டோடொண்டு முட்டாமல் தட்டில அடுக்கி, கல்லு மாதிரி இறுகினாப் பிறகு பத்துப் பத்தாப் பக்கெற் பண்ணித் திகதி எழுது. -18 பாகையில ஒரு மாதம் ருசி மாறாமல் இருக்கும்.

பொரிச்சுக் குடுக்காதை, உறைஞ்சபடியே வில். கொதியெண்ணெய்த் தாச்சியை நடுவில விட்டிட்டு ஓட ஏலாது, தவழுற பிள்ளை இருக்கிற குசினியில அது வேண்டவே வேண்டாம். பக்கெற்றுக்குள்ள ஒரு துண்டு வை: உருகவிடாமல், நடுத்தர நெருப்பில, ஒரு தரத்துக்கு ஆறு ரோல்ஸுக்கு மேல போடாமல் பொரிக்கவும். எண்ணெய் கனக்கச் சுட்டா வெளியில கருகும், உள்ள ஐஸ் இருக்கும். ஆள் உன்னைத்தான் திட்டும்.

ஓடர் எடுக்கிறதுக்கு ஒரே சட்டம்: ஃப்ரீசரில எத்தனை பக்கெற் இருக்கோ அத்தனைதான். “நாளைக்குச் செய்து தாறன்” எண்டு சொல்லாதை. தீபாவளி, நத்தாருக்கு முதல் கிழமையும் இதே சட்டம்தான். வாட்ஸ்அப் பிஸ்னஸில தானாப் போற பதில் ஒண்டு போட்டு வை, ராத்திரிப் பால் குடுக்கேக்க விலை சொல்லிக்கொண்டிருக்காதை.

விலையில எங்கட பெம்பிளையள் தங்கட நேரத்தைச் சேர்க்கிறதே இல்லை. உதாரணத்துக்கு 30 ரோல்ஸுக்குச் சாமான் 2,400 ரூபா, கேஸும் பக்கெற்றும் 450, உன்ர மூண்டு மணித்தியாலம் 400 ரூபாப்படி 1,200. மொத்தம் 4,050. ரெண்டு உடையும், மிச்சம் 28. ஒண்டு 145 ரூபாவரைக்கும் வருது, இன்னும் லாபம் வைக்கேல்லை. பக்கத்துக் கடையில 100 ரூபாவுக்கு விக்கிறாங்கள் எண்டா விலையை இறக்காதை. கறியை மாத்து, இல்லாட்டி அந்தச் சாமானையே விடு.

பிள்ளையின்ர பக்கம். காயை வெட்டி வைக்கிற மாதிரி இல்லை, தாய்ப்பாலைக் கறந்து வைக்க ஒழுங்கு வேணும்: 25 பாகைக்கு உட்பட்ட அறையில நாலு மணித்தியாலம் எண்டதுதான் கணக்கு, உன்ர குசினி அதைவிடச் சூடு, ஆனபடியா உடன ஃப்ரிட்ஜில வை. நாலு நாள் இருக்கும். கதவுத் தட்டில வைக்காமல் பின்பக்கமா, மீனுக்கு மேல் தட்டில வை. உறைஞ்ச பாலை ஃப்ரிட்ஜுக்குள்ள வைச்சு இளகவிட்டா, இளகி 24 மணித்தியாலத்துக்குள்ள குடுக்கவேணும், மைக்ரோவேவில சூடாக்கக் கூடாது. பச்சை மிளகாய் வெட்டின கையை முதல் எண்ணெய் பூசித் துடைச்சு, பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவித்தான் பிள்ளையைத் தூக்கு. வெறும் தண்ணியில அந்த எரிவு போகாது.

மாமி பிள்ளையைப் பாப்பா எண்டு மட்டும் நம்பித் தொடங்காதை. எந்த நாள், எத்தனை மணிக்கு எண்டு அவவோட கதைச்சுப் பேசு, மாதம் ஒரு தொகை கையில குடு. சும்மா செய்யிற உதவி மூண்டாம் மாதம் மனஸ்தாபமாகும். கிழமைக்குப் பதினைஞ்சு மணித்தியாலம் கிடைக்கும் எண்டு நினைச்சா, பத்துக்கு மட்டும் திட்டம் போடு. மிச்சம் காய்ச்சலுக்கும் பள்ளிக்கூட மீற்றிங்குக்கும் போயிடும்.

கடதாசி வேலை கஷ்டமில்லை. கொழும்பு பிரதேச செயலகத்தில வியாபாரப் பெயரைப் பதி, கிராம உத்தியோகத்தரின்ர கடிதம் கேப்பினம். அதை வைச்சு வங்கியில தனிக்கணக்குத் திற. வீட்டுக் குசினியில செய்தாலும் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் பொருந்தும், பொதுச் சுகாதாரப் பரிசோதகரை நீயே போய்க் கண்டு கேள். பிறகு உதவிக்கு ஒரு பொம்பிளையைச் சம்பளத்துக்கு வைச்சா, அந்தச் சம்பளத்தில ஊழியர் சேமலாப நிதிக்கு (EPF) அவவின்ர 8 வீதம், உன்ர 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு (ETF) உன்ர 3 வீதம். அதையும் விலைக்குள்ள போடு.

உன்ர ஃப்ரீசர் உள்ளுக்கு எத்தனை அங்குல அகலம், எத்தனை உயரம் எண்டு அளந்து அனுப்பு. எந்த அளவுத் தட்டு வாங்கலாம், ஒரு தரத்துக்கு எத்தனை ரோல்ஸ் உறையவைக்கலாம் எண்டு பாத்துச் சொல்றன்.

அன்புடன்,
உன்ர பழைய வகுப்புக்காரி