பச்சை தெரியும் அந்த ஒரு நிமிடம்

ஆசிரியருக்கு,

குடல் புற்றுநோய் அறுவையில், குடலின் வெட்டிய முனைகளை இணைக்குமுன் அங்கே ரத்த ஓட்டம் இருக்கிறதா என்று காட்டும் 'ஐ.சி.ஜி.' (இண்டோசயனின் கிரீன்) சாயம் பற்றி நோயாளிகளின் வீட்டார் கேட்கிறார்கள்.

25 மில்லிகிராம் பொடியை 10 மில்லி, ஊசி மருந்துக்கான தூய நீரில்தான் கரைக்க வேண்டும். சலைனில் (உப்பு நீரில்) கரைத்தால் திரிந்துபோகும். 3 மில்லியை ரத்த நாளத்தில் ஏற்றி, தியேட்டர் விளக்கை அணைத்து அகச்சிவப்பு கேமராவில் பார்த்தால், பொதுவாக ஒரு நிமிடத்துக்குள் நல்ல குடல் பச்சையாக மின்னும். ரத்தம் எட்டாத இடம் கருப்பாகவே நிற்கும். அந்த எல்லையிலேயே வெட்டக் கூடாது. பச்சைக்குள் சற்றுத் தள்ளி வெட்ட வேண்டும். நிதானமாகப் பார்க்கலாமென்று காத்திருந்தால் சாயம் மெல்ல ஊறி, ரத்தம் குறைந்த பகுதியும் பச்சை காட்டி ஏமாற்றிவிடும். ரத்த அழுத்தம் இறங்கியிருந்தாலோ நல்ல குடலே தாமதமாகத்தான் ஒளிரும்.

குடல் முனைகளை இழுத்துப் பிடித்துப் போட்ட தையலை எந்தச் சாயமும் காப்பாற்றாது. சாயத்தில் அயோடின் இருப்பதால், அயோடின் ஒவ்வாமை இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.

— குடல் அறுவை மருத்துவர்கள் இருவர்,
அண்ணா நகர், மதுரை