கவியரங்கக் குழுவினரே, பல்வலிக்கும் ஐந்து நிமிடம் கொடுங்கள்

யாங்கூனில் பொங்கல் கவியரங்கம் நடத்தும் குழுப் பெரியவர்களுக்கு வணக்கம்.

நான் அனுப்பிய பாட்டு திரும்பி வந்துவிட்டது. ஓரத்தில் 'மேடைக்குப் பொருந்தாது' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தீர்கள். வெற்றிலைச் சாறோ என்று ஒரு நிமிடம் சந்தேகப்பட்டேன். பல் டாக்டரிடம் போன கதைக்குப் பதிலாகத் தாயன்பைப் பாடச் சொல்கிறீர்கள். போன ஆண்டு தாயன்பை ஆறு பேர் பாடினார்கள். ஆறாவது ஆள் பாடும்போது முன்வரிசையில் விழித்திருந்தவன் நான் ஒருவன்தான்; அதுவும் கடைவாய்ப்பல் வலித்ததால்.

'ஆலும் வேலும் பல்லுக்குறுதி, நாலும் இரண்டும் சொல்லுக்குறுதி' என்று பல்லையும் பாட்டையும் ஒரே மூச்சில் சொன்னவர்கள் நம் முன்னோர். 'பல்லிதழ் இயைய வகாரம் பிறக்கும்' என்கிறார் தொல்காப்பியர்; பல்லும் உதடும் சேர்ந்தால்தான் 'வ' வரும் என்று அர்த்தம். அதன் அருமை ஊசி போட்ட அன்றுதான் எனக்குப் புரிந்தது. கீழ்த்தாடையில் போட்டால் பாதி உதடும் பாதி நாக்கும் மரத்துப்போய், இரண்டு மூன்று மணி நேரத்துக்கு அவை நம்முடையவை அல்ல. வழியில் நம்மவர் குன்யாக் கடை, அதாவது வெற்றிலை பாக்கு மடித்துத் தரும் கடை. வழக்கமான பொட்டலத்தை மடிக்கத் தொடங்கினார். "வேண்டாம்" என்றேன். "ஏண்டாம்" என்று வந்தது. அவர் 'ரெண்டாம்' என்று எடுத்துக்கொண்டு இரண்டாக மடித்துக் கொடுத்துவிட்டார்.

ஆனால் பாட்டு பிறந்தது அதற்கு முன்னால், நாற்காலியில். சயாமா, அதாவது பல் டாக்டரம்மா, என் வாய்க்குள் கண்ணாடியை விட்டு, ஈறை ஒரு தட்டுத் தட்டி, "நாலா?" என்றார். பர்மிய மொழியில் 'வலிக்கிறதா' என்று அர்த்தம். பிறந்ததிலிருந்து பேசுகிற மொழிதான். பயத்தில் காது தமிழுக்குத் தாவிவிட்டது.

நாலா நாலா என்றார் சயாமா
நடுங்கிப் போனேன் நான்
நாலும் வேண்டாம் ஒன்றே போதும்
நம்பி வந்தேன் நான்!

கத்தி இடுக்கி தட்டில் கிடக்கக்
கந்தா என்றேன் நான்
கந்தனும் வந்தான் வரிசையில் நின்றான்
கன்னம் வீங்கித்தான்!

கந்தனைக் கேலி செய்ததாக உங்களில் ஒருவர் வருத்தப்பட்டாராம். காளமேகம் கடவுளரைக் கிண்டல் செய்ததைவிடவா நான் செய்துவிட்டேன்? அப்புறம், வருத்தப்பட்டவர் ஓராண்டாக இடது பக்கம் மட்டுமே மெல்லுகிறார். தேநீர்க் கடையில் நானே பார்த்தேன்.

நம் ஊரில் குன்யா போடாத வாய் குறைவு. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை சேராத வெறும் பாக்கையே 2004-இல் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது. மேடையில் இதை அறிவுரையாகச் சொன்னால் ஆட்கள் எழுந்து வெளியே போவார்கள், குன்யா போடத்தான். பயந்தவன் கதையைச் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கும்போது வாய் திறக்கும். பக்கத்தில் இருக்கும் மனைவி உள்ளே எட்டிப் பார்ப்பாள். மறுநாள் ஆளை இழுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போய்விடுவாள். என்னை அப்படித்தான் இழுத்துப் போனாள்.

ஆகவே ஐந்து நிமிடம் கேட்கிறேன். தாயன்புக்கு முன்னாலோ பின்னாலோ, உங்கள் இஷ்டம். சனிக்கிழமை மட்டும் வேண்டாம். அன்று எனக்கு அடுத்த பல், வகாரம் வராது.

இப்படிக்கு,
முப்பத்தோரு பல் உள்ள ஒரு கவிஞன்