குல்மார்க் செல்வோருக்குப் பனிச்சரிவு பற்றியும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சம்பா அறுவடை முடிந்து கையில் சற்றுப் பணம் புழங்கும் தை, மாசி மாதங்களில் காசி யாத்திரை கிளம்பிய டெல்டா குடும்பங்கள் இப்போது காஷ்மீரின் குல்மார்க்குக்கும் கிளம்புகின்றன. தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த பயணக் கட்டுரை அவ்வூரின் அழகை நன்றாகவே சொன்னது. ஆனால் அதன் வரலாற்றைக் கொண்டோலா எனும் கம்பிவட ஊர்தியில் தொடங்கி, ஆபத்துகளைப் பற்றி ஒரு வரியும் எழுதாமல் முடித்துவிட்டது.

பிரித்தானிய ராணுவ அதிகாரிகள் 1927ஆம் ஆண்டிலேயே குல்மார்க்கில் இந்தியப் பனிச்சறுக்குக் கழகத்தைத் தொடங்கினார்கள். விடுதலைக்குப் பின், 1948இல் நம் ராணுவம் அங்கு நிறுவிய பனிச்சறுக்குப் பள்ளிதான் பிற்பாடு உயர்மலைப் போர்ப்பயிற்சிப் பள்ளியாக வளர்ந்தது. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரராகக் களமிறங்கிய ஆரிஃப் கான் அந்தச் சரிவுகளில் பழகியவரே. இவர்கள் காலந்தோறும் கற்றுக்கொண்டது சறுக்குவதை மட்டுமல்ல, எந்த நாளில் மலைக்குப் போகக் கூடாது என்பதையும்தான். 1998இல் முதல் கட்டமாகக் கொங்தூரி வரையிலும், 2005இல் இரண்டாம் கட்டமாக அஃபர்வாத் மலையில் ஏறத்தாழ 3,950 மீட்டர் உயரம் வரையிலும் கொண்டோலா ஓடத் தொடங்கிய பிறகு நிலைமை மாறியது. நடந்து ஏறத் தெரிந்தவர் மட்டுமே எட்டிய உயரத்துக்கு, சீட்டு வாங்கிய எவரும் சில நிமிடங்களில் போய்விடலாம். இது நல்லதுதான், முதியவர்களும் பனியைப் பார்க்கிறார்கள். ஆனால் ஏறுவதற்குத் தேவைப்பட்ட அனுபவம் இல்லாமலே ஏறிவிடுகிறோம் என்பதை யாரும் நமக்குச் சொல்வதில்லை.

அங்கு நடந்த விபத்துகள் சிறியவை அல்ல. 2010 பிப்ரவரியில் கிலன்மார்க்கில் பயிற்சியில் இருந்த ராணுவத்தினர் 17 பேர் பனிச்சரிவில் இறந்தனர். 2023 பிப்ரவரி 1 அன்று அஃபர்வாத் சரிவில் போலந்து நாட்டினர் இருவரும், அடுத்த ஆண்டு பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவரும் அவ்வாறே இறந்தனர். பயிற்சி பெற்ற வீரர்களையே மூடிய பனி அது.

பனி ஒரே நாளில் விழுந்து ஒரே கட்டியாக உறைவதில்லை. ஒவ்வொரு பொழிவும் தனித்தனி அடுக்காகப் படிகிறது. கொள்முதல் நிலையத்தில் அடுக்கிய நெல்மூட்டைகளில் கீழே ஒன்று நழுவினால் மேலே உள்ளவை மொத்தமாகச் சாய்வதைப் போல, அடியில் பலவீனமான அடுக்கு இருந்தால் சறுக்குபவரின் எடை மட்டுமே போதும், சரிவிலுள்ள பனி முழுவதும் பெயர்ந்துவிடும். 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளே இதற்கு அதிகம் இடம் கொடுப்பவை. பெரும்பனி பெய்து ஓய்ந்து வானம் நீலமாகத் தெளிந்த மறுநாள்தான், படமெடுக்க ஏற்ற அந்த நாள்தான், மிகவும் அஞ்ச வேண்டிய நாள். புதைந்தவரைக் கால் மணி நேரத்துக்குள் தோண்டி எடுத்தால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். அதன் பின் அது வேகமாகக் குறைந்துவிடும். எனவே புதைந்தவர் இருக்கும் இடத்தைக் காட்டும் சமிக்ஞைக் கருவி, பனிக்குள் துழாவும் கம்பி, மண்வாரி மூன்றும் ஒவ்வொருவரிடமும் இல்லாமலும், உள்ளூர் வழிகாட்டி இல்லாமலும் குறியிட்ட தடத்தைத் தாண்டக் கூடாது. முதன்முறை செல்பவர் தாண்டவே வேண்டாம்.

தடத்துக்குள்ளும் ஒழுங்கு உண்டு. முன்னால், அதாவது கீழே, செல்பவருக்கே முன்னுரிமை. மேலிருந்து வருபவர்தான் விலகிப் போக வேண்டும் என்கிறது 1967 முதல் நடைமுறையில் உள்ள சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பின் விதி. நம்மவர்கள் நடுத்தடத்தில் குழுவாக நின்று கைப்பேசியில் படமெடுப்பது பெரும் ஆபத்து. வாடகைக் காலணியைப் பலகையோடு பிணைக்கும் கொக்கி, அணிபவரின் எடைக்கேற்பத் திருகப்பட்டுள்ளதா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். விழும்போது அது விடுபடாவிட்டால் முழங்கால் போய்விடும். தலைக்கவசம் கேட்டால் சிரிப்பார்களே என்று கூச்சப்பட வேண்டாம். கடல் மட்டத்தை ஒட்டிய நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பகுதியிலிருந்து போகிறவர்கள், வந்திறங்கிய அன்றே கொண்டோலாவின் இரண்டாம் கட்டத்துக்கு ஏறாமல், ஓர் இரவாவது குல்மார்க்கில் தங்கி உடலைப் பழக்கிக்கொள்வது நல்லது. இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டே கிளம்ப வேண்டும்.

பனிச்சரிவு எச்சரிக்கைகளைச் சண்டிகரில் உள்ள பாதுகாப்புத் துறையின் ஆய்வகம் மாவட்டவாரியாக வெளியிடுகிறது. குல்மார்க் இருப்பது பாராமுல்லா மாவட்டத்தில். இங்குள்ள சுற்றுலா முகவர்கள் முன்பணம் வாங்கும் முன்பே, எச்சரிக்கை நாளில் இரண்டாம் கட்டப் பயணம் ரத்தாகலாம், அப்போது அந்தக் கட்டணம் திருப்பித் தரப்படும் என்று ரசீதிலேயே எழுதித் தர வேண்டும். இல்லாவிட்டால் கொடுத்த காசு வீணாகுமே என்று மேலே ஏறிவிடுவது நம் இயல்பு. தங்கள் நாளிதழும் மார்கழி முதல் பங்குனி வரை, வானிலைப் பகுதியில் அந்த மாவட்டத்துக்கான எச்சரிக்கையை ஒரு வரியில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கும்பகோணம்.