நாலேகாலுக்கு மேல் அந்தப் பிள்ளைகள் யார் பொறுப்பு?

கிருஷ்ணகிரி நகர வார்டு கவுன்சிலர்களுக்கும், அரசு மற்றும் நகராட்சிப் பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்கும் வணக்கம்.

பழையபேட்டைப் பக்கம் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். சாயங்காலம் நாலரை ஆனால் என் கடைப் படியில் ஐந்தாறு பிள்ளைகள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். பள்ளி விட்டாச்சு, வீடு பூட்டியிருக்கு, அம்மா புளி வேலைக்குப் போயிருக்கிறாள். அவள் திரும்ப ஏழாகும்.

போன புளி சீசனில் ஒரு நாள். நாலாவது படிக்கிற பையன் கணக்கு நோட்டை விரித்தான். இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு பிரியவே இல்லை. முந்தின நாள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துவிட்டு, கையைச் சரியாகக் கழுவாமல் வீட்டுப்பாடம் எழுதியிருக்கிறான். எச்சில் தொட்டுப் பிரிக்கப் பார்த்தான், கிழிந்துவிட்டது. “டீச்சர் கேட்டா என்னக்கா சொல்றது?” என்றான். விரல் நுனியெல்லாம் காப்பிக் கொட்டை நிறம்.

அவன் அம்மாவைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். கூலி கிலோ கணக்கில். கை நின்றால் காசு நின்றுவிடும். பையனைத் தெருவில் விடப் பயந்து பக்கத்தில் உட்கார வைக்கிறாள். சும்மா உட்கார்ந்திருக்கிற பிள்ளை எவ்வளவு நேரம்தான் சும்மா இருக்கும்?

கடையிலிருந்து நிமிர்ந்தால் பள்ளி தெரியும். பூட்டிய கேட்டுக்கு உள்ளே மைதானம், வேப்ப மரம், குழாய், கழிப்பறை. கேட்டுக்கு வெளியே அதே பள்ளியின் பிள்ளைகள். அங்கே தலைமையாசிரியரிடம் ஒரு முறை கேட்டேன். “திறந்து விடலாம்மா. யாராவது விழுந்து கையை உடைச்சுக்கிட்டா யார் பதில் சொல்றது? ராத்திரி குடிச்சிட்டு பாட்டிலை உடைச்சுப் போட்டுட்டுப் போறாங்க, காலையில நாங்கதான் பொறுக்கறோம்” என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. சரி என்று வேறொரு அலுவலகத்தில் கேட்டால், பள்ளி சமாச்சாரம் கல்வித் துறையுடையது என்றார்கள். அங்கே போனால், லைட்டும் வாட்ச்மேனும் எங்கள் கையில் இல்லை என்று பதில். எந்த அலுவலகம் என்று எழுதி யாரையும் மாட்டிவிட எனக்கு விருப்பமில்லை, மூன்று பேருமே மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆனால் கேட் இன்னும் பூட்டியேதான் இருக்கிறது.

இரண்டு பக்கமும் சேர்ந்து செய்ய முடியாத காரியமும் இல்லை இது. காலை உணவுத் திட்டத்தைப் பாருங்கள். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கினார்கள். 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்துவிட்டது. நகரங்களில் அடுப்பு, ஆள், கண்காணிப்பு எல்லாம் உள்ளாட்சி வழியாக நடக்கிறது. பிள்ளைகள் சாப்பிடுவது வகுப்பறை வாசலில். இது யார் துறை என்று எந்தப் பிள்ளையும் கேட்டுவிட்டுப் பொங்கல் சாப்பிடுவதில்லை. காலை எட்டு மணிக்கு முடிகிறது சாயங்காலம் ஐந்து மணிக்கு ஏன் முடியாது? ஆண்டுதோறும் மாங்கனிக் கண்காட்சிக்கு வாரக்கணக்கில் பந்தல், லைட், கழிப்பறை, காவல் என்று எல்லாம் ஏற்பாடு செய்கிற ஊர் இது.

பணத்துக்கு எங்கே போவது என்பீர்கள். சொத்து வரி கட்டும்போதே கல்வி வரி, நூலக வரி என்றும் சேர்த்துத்தான் எங்களிடம் வாங்குகிறீர்கள். நான் கேட்பதும் பெரிய தொகை இல்லை. முதலில் நகரத்தில் இரண்டே பள்ளிகள் போதும். ஆறரை வரை மைதானமும் இரண்டு வகுப்பறையும் திறந்திருக்கட்டும். மைதானத்துக்கு லைட், கழிப்பறை கழுவ ஆள், கேட்டில் ஒரு வாட்ச்மேன், இதெல்லாம் நகராட்சி பொறுப்பு. உள்ளே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள மகளிர் குழுப் பெண் ஒருவர், மதிப்பூதியத்தோடு. ஆசிரியர்களை உட்காரச் சொல்லாதீர்கள், பாவம், அவர்களுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். அப்புறம் ஒரு தட்டு சுண்டல். மதியம் சாப்பிட்ட வயிறு நாலரைக்கு எப்படிக் கத்தும் என்று என் கடைப் படிக்குத் தெரியும்.

கவுன்சிலர்களுக்குத் தனியாக ஒன்று. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். உள்ளாட்சிப் பிரதிநிதிக்கும் அதில் இடம் உண்டு. அந்த நாற்காலி உங்களுடையது. யார் பதில் சொல்வது என்று தலைமையாசிரியர் கேட்டாரே, அந்தக் கூட்டத்தில் நீங்கள் இருந்து, தீர்மானம் எழுதி, கையெழுத்தும் போட்டால் அவர் தனியாகப் பயப்பட வேண்டியதில்லை.

பெண் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியவில்லை. ஏழாவது, எட்டாவது வந்ததும் அவர்கள் என் படிக்கு வருவது நின்றுவிடுகிறது. அண்ணன் தம்பிகள் விளையாடப் போவார்கள். இவள் வீட்டுக்குள் சோறு வடித்துக்கொண்டிருப்பாள். பெண் தனியாக இருக்கிறாளே என்ற கவலையில்தான் நம் பக்கம் சீக்கிரமே கல்யாணப் பேச்சு எடுக்கிறார்கள். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் உண்டு. அதற்கு அவள் பன்னிரண்டாவதைத் தாண்ட வேண்டும். சாயங்காலம் பத்திரமாக உட்கார்ந்து படிக்க ஓர் இடம் இருந்தால் வீட்டில் அந்தப் பேச்சு கொஞ்சம் தள்ளிப்போகும்.

தை பிறந்தால் புளி வரத்து தொடங்கிவிடும். அதற்கு முன்னால் ஒரு நாள் நாலரை மணிக்கு இந்தப் பக்கம் வாருங்கள். படியில் இடம் இருக்காது, நின்றுகொண்டுதான் பேச வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
பழையபேட்டை தையல் கடைக்காரி