ஓவியப் போட்டி நடத்துபவர்களுக்கு: பறக்கும் நண்டுக்கும் ஒரு பரிசு ஒதுக்குங்கள்

அன்புடையீர், வணக்கம்.

புதுச்சேரியிலும் கடலூர் மாவட்டத்திலும் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி நடத்தும் அரசுத் துறையினர், சங்கத்தார், நடுவர்களாக வந்து உட்காரும் ஓவிய ஆசிரியர்கள் எல்லாருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம். கேட்பது ஒன்றுதான். அடுத்த போட்டியிலிருந்து மாயப் புனைவு ஓவியத்துக்கு, அதாவது நடக்க முடியாததை நடப்பது போல வரையும் படங்களுக்கு, ஒரு தனிப் பிரிவு வையுங்கள்.

இப்போது கொடுக்கப்படும் தலைப்புகள் உங்களுக்கே தெரியும். மரம் நடுவோம், நெகிழி ஒழிப்போம், நீரைச் சேமிப்போம். பயிற்சி வகுப்பில் பத்து முறை வரைந்து பழகிய படத்தைப் பிள்ளை பதினோராவது முறையாக உங்கள் கூடத்தில் வரைந்துவிட்டுப் போகிறது. பூமி உருண்டைக்குக் கண்ணும் மூக்கும் வைத்து, வாயில் தெர்மாமீட்டர் சொருகிய படம் வராத போட்டி உண்டா? வேடிக்கை என்னவென்றால் அதுவும் மாயப் புனைவுதான். முதலில் அதை யோசித்தவர் நல்ல கற்பனைக்காரர். நாம் பரிசு கொடுத்துக்கொண்டிருப்பது நகல் எடுத்தவர்களுக்கு.

இது மேல்நாட்டுச் சரக்கு என்று ஒதுக்குபவர்கள் சிதம்பரம் வரை போய் வரட்டும். பதஞ்சலிக்கு இடுப்புக்குக் கீழே பாம்பு உடல், வியாக்ரபாதருக்குப் புலிக்கால். கோயில் தூண்களில் நிற்கும் யாளிக்குச் சிங்க உடம்பு. சில இடங்களில் யானைத் துதிக்கையும் உண்டு. தாராசுரத்தில் காளையும் யானையும் ஒரே தலையைப் பங்கு போட்டுக்கொள்ளும் ரிஷப குஞ்சரம் இருக்கிறது. யானையின் உடலைக் கையால் மறைத்தால் காளை தெரியும், காளையின் உடலை மறைத்தால் யானை தெரியும். பிரெஞ்சுக் கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோன் பாரிசில் மீயதார்த்த (சர்ரியலிசம், கனவு போன்ற காட்சிகளைக் கலையாக்கிய இயக்கம்) அறிக்கையை வெளியிட்டது 1924இல்தான். ஐரோப்பாவிலேயே அதற்கு நானூறு ஆண்டுக்கு முன்பு ஹிரோனிமஸ் போஷ் மீன் தலை மனிதர்களையும் காது முளைத்த கத்தியையும் வரைந்து முடித்திருந்தார். அவருக்குப் பின் வந்த அர்ச்சிம்போல்தோ காய்கனிகளை அடுக்கியே மனித முகம் வரைந்தார். பண்ருட்டிப் பலாவை மூக்காக வைக்க நம் பிள்ளைகளுக்கு மட்டும் என்ன தடை?

இவ்வகைப் படம் எதனால் நிற்கிறது, எதனால் விழுகிறது என்பதை நடுவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். படத்தில் உலக விதி ஒன்று மட்டும் உடைய வேண்டும், மற்றவை அப்படியே இருக்க வேண்டும். ரெனே மாக்ரித் 1959இல் கடலுக்கு மேலே மிதக்கும் ஒரு பெரும் பாறையை வரைந்தார். அதன் உச்சியில் ஒரு கோட்டை. கீழே அலை சாதாரண அலை, வானம் சாதாரண வானம். பாறையின் எடையைக் கண் நம்புவதால்தான் அது மிதப்பது திகைக்க வைக்கிறது. பிள்ளைகள் செய்யும் பெரிய தவறு இதற்கு நேர் எதிரானது. பறக்கும் மீன், சிரிக்கும் நிலா, வானவில் பாலம், இறக்கை வைத்த குதிரை எல்லாம் ஒரே தாளில் வந்துவிடும். எல்லாமே விசித்திரமாக இருந்தால் எதுவும் விசித்திரமாகத் தெரியாது.

அடுத்தது ஒட்டு. நண்டின் உடலும் ஆட்டோவும் சேர வேண்டும் என்றால் சேரும் இடத்தில் இரண்டுக்கும் பொதுவான ஒரு வடிவம் வேண்டும். நண்டின் ஓட்டு வளைவே ஆட்டோவின் மேற்கூரை ஆகலாம், கண் தண்டுகள் பக்கவாட்டுக் கண்ணாடிகள் ஆகலாம். ரிஷப குஞ்சரம் செய்த சிற்பி பயன்படுத்தியதும் இதே சூத்திரம்தான். பொதுப் பகுதியை முதலில் வரைந்துவிட்டு இருபுறமும் உடலை வளர்த்துக்கொண்டு போக வேண்டும். இரண்டு உருவத்தையும் தனித்தனியாக முடித்துவிட்டு நடுவில் ஒட்டினால் கழுத்தில் ஒரு வெட்டு தெரியும். வெளிச்சம் இடப்பக்கமிருந்து விழுந்தால் இரண்டு பாதிக்கும் நிழல் வலப்பக்கம்தான். கால் தரையைத் தொடும் இடத்தில் அழுத்தமான ஒரு நிழல் வைக்கச் சொல்லுங்கள், பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

மனப்பாடத்தை உடைக்க இரண்டு டப்பா போதும். ஒன்றில் உயிர்கள், பொருள்கள்: நண்டு, கட்டுமரம், முந்திரிக்கொட்டை, தையல் இயந்திரம், குடை, ஆமை. இன்னொன்றில் இடங்கள்: குபேர் அங்காடி, கடலூர் துறைமுகம், பிச்சாவரம் அலையாத்திக் காடு, வகுப்பறை, ரயில் நிலையம், நெய்வேலிச் சுரங்கம். (நெய்வேலியில் மண் வெட்டும் அந்தச் சக்கர இயந்திரத்தைப் பார்த்த பிள்ளைக்கு டிராகன் எதற்கு?) ஒவ்வொரு டப்பாவிலும் 30 சீட்டு போட்டால் 900 சேர்க்கை வரும். பெஞ்சுக்குப் பெஞ்சு தலைப்பு மாறிவிடும், பயிற்சி வகுப்பும் கைப்பேசியில் பார்த்த படமும் உதவாது. டப்பாவில் தேவதை, கடற்கன்னி, ஒற்றைக் கொம்புக் குதிரை வேண்டாம். அவை ஏற்கெனவே யாரோ கற்பனை செய்து முடித்தவை.

நேரம் இரண்டரை மணி கொடுங்கள். ஒரு மணி நேரத்தில் வண்ணம் அடிக்கலாம், யோசிக்க முடியாது. முதல் 30 நிமிடம் சிறு வரைவுகளுக்கு மட்டும். ஏ4 தாளில் தீப்பெட்டி அளவு கட்டங்களில் குறைந்தது ஆறு யோசனை. முதல் இரண்டும் பெரும்பாலும் எங்கோ பார்த்ததாக இருக்கும், நான்காவதிலிருந்துதான் சொந்தச் சரக்கு வரத் தொடங்கும். அந்தத் தாளையும் வாங்கி ஓவியத்தோடு பின் போட்டு வையுங்கள். நடுவருக்கு அது முக்கியமான சாட்சி.

படம் வரையத் தயங்கும் பிள்ளைகளுக்காகத் தொடக்கத்தில் 15 நிமிட விளையாட்டு ஒன்று வைக்கலாம். 1925 வாக்கில் பாரிஸ் மீயதார்த்தக்காரர்கள் விளையாடியது. ஏ4 தாளின் நீளம் 297 மில்லிமீட்டர், அதை 99 மில்லிமீட்டர் வீதம் மூன்றாக மடியுங்கள். முதல் பிள்ளை தலை, அடுத்தது உடல், மூன்றாவது கால். முந்தையவர் வரைந்ததைப் பார்க்கக் கூடாது. ஆளுக்கு 4 நிமிடம். கோடுகளை மடிப்பைத் தாண்டி 5 மில்லிமீட்டர் இழுத்துவிடச் சொல்ல மறந்தால் அடுத்தவருக்கு எங்கே தொடங்குவது என்று தெரியாது. ஸ்கெட்ச் பேனா மறுபக்கம் ஊறிக் காட்டிக்கொடுக்கும், அதனால் பென்சில் மட்டும்.

சின்ன வகுப்புகளுக்குத் தேய்ப்பு ஓவியம் நன்றாக வரும். மாக்ஸ் எர்ன்ஸ்ட் 1925இல் மரத்தரைப் பலகை மீது தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து, எழும்பிய வரிகளில் காடும் பறவையும் கண்டார். இங்கே பாய், மீன்வலை, கிளிஞ்சல், பூவரசு இலை இருக்கின்றன. இலையின் அடிப்பக்கம் மேலே இருக்க வேண்டும், நரம்பு அங்கேதான் புடைத்திருக்கும். பறித்தவுடன் வைத்தால் சாறு தாளில் ஊறும், முந்தின நாளே செய்தித்தாளுக்கு நடுவில் வைத்துவிடுங்கள். தாள் 75 ஜிஎஸ்எம்முக்கு (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை) மேல் வேண்டாம். எச்பி பென்சிலின் முனை கிழிக்கும், மென்மையான 6பி பென்சிலைச் சாய்த்தோ, காகிதம் உரித்த கிரேயானைப் படுக்கப் போட்டோ தேய்க்கலாம். தாளின் இரு மூலையை டேப் போட்டு நிறுத்தாவிட்டால் நகர்ந்து வரி இரட்டையாகும்.

போட்டித் தாள் ஏ3, 150 ஜிஎஸ்எம் கார்ட்ரிட்ஜ் என்னும் ஓவியத் தாள். சார்ட் பேப்பரில் தண்ணீர் வண்ணம் போட்டால் நெளியும், இரண்டாவது பூச்சில் மேல்தோல் உரியும். பிள்ளைக்கு இரண்டு தாள் வீதம் 100 பேருக்கு 200. இரண்டாவது தாள், முதல் தாள் கெட்டால் மாற்ற. பரீட்சை அட்டை ஏ4 அளவுதான், அதில் ஏ3 நிற்காது. மேசை இல்லாத கூடம் என்றால் அட்டை தனியாக வாங்க வேண்டும், மின்விசிறிக் காற்றில் தாள் பறக்காமலிருக்க நான்கு கிளிப்பும். குழந்தைகள் தினப் போட்டி நவம்பர் மழையில் வருவதை மறந்துவிடாதீர்கள். நம் கடலோர ஈரத்தில் போஸ்டர் கலர் லேசில் காயாது, அடுக்கினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கயிறு கட்டிக் கிளிப்பில் தொங்கவிடுங்கள். மே மாதமென்றால் சிக்கல் வேறு, கிண்ணத்திலேயே வண்ணம் இறுகும்.

மதிப்பெண் 50 என்று வைத்துக்கொண்டால், எங்கள் பரிந்துரை இது: ஒட்டு நம்பும்படி இருக்கிறதா என்பதற்கு 20, ஒரே யோசனையில் நின்றதா என்பதற்கு 15, கோட்டுக்கு 10, தாளை நிரப்பிய விதத்துக்கு 5. வண்ணம் வெளியே போகாமல் அடித்ததற்குத் தனி மதிப்பெண் வேண்டாம். பெயரும் பள்ளியும் தாளின் பின்பக்கம் மட்டும். நடுவர் மூவர், பேசிக்கொள்ளாமல் போட்டுவிட்டுப் பிறகு கூட்டட்டும். மூவருக்குள் 15க்கு மேல் வித்தியாசம் வரும் படங்களைத் தனியே எடுத்து மறுபடி பாருங்கள். ஒருவர் சிரித்து, ஒருவர் முகம் சுளித்த படங்கள் அதில்தான் இருக்கும். 'இது எங்கே நடக்கும்?' என்று கேட்டு மதிப்பெண் குறைக்கும் நடுவரை இந்தப் பிரிவுக்கு அழைக்காதீர்கள்.

போட்டிக்கு ஒரு வாரம் முன்பு புதுச்சேரி ரோமன் ரோலண்ட் நூலகம் போன்ற பொது இடத்தில் இவ்வகை ஓவியங்களின் அச்சுப் படிகள் 12 தொங்கவிட்டால் பிள்ளைகள் பார்த்துவிட்டு வருவார்கள். ஃபிளெக்ஸ் வேண்டாம், நுண்கோடு அதில் கரைந்துவிடும். 170 ஜிஎஸ்எம் மேட் தாளில் ஏ3. கோப்பு குறைந்தது 2339 x 3307 பிக்சல். போஷின் பெரிய ஓவியம் இரண்டு மீட்டருக்கு மேல் உயரம், முழுதையும் ஏ3இல் சுருக்கினால் எறும்புக் கூட்டம்தான் தெரியும், ஒரு மூலையை மட்டும் எடுங்கள். பக்கத்திலேயே யாளித் தூணின் புகைப்படமும் இருக்கட்டும். படத்தின் நடு, தரையிலிருந்து 120 சென்டிமீட்டரில். போஷ், அர்ச்சிம்போல்தோ, 1844இல் விநோத உலகம் ஒன்றை வரைந்து வெளியிட்ட பிரெஞ்சு ஓவியர் கிரான்வில் ஆகியோருக்குக் காப்புரிமைத் தொல்லை இல்லை. இந்தியச் சட்டப்படி ஓவியர் இறந்து 60 ஆண்டு ஆக வேண்டும். மாக்ரித் இறந்தது 1967, ஆகவே 2027 முடியும் வரை அவர் படத்தை அச்சிட அனுமதி கேட்க வேண்டும்.

பரிசுக் கோப்பைகளில் ஒன்றிரண்டைக் குறைத்து, திருக்கனூர் காகிதக்கூழ்க் கலைஞர்களிடம் முதல் பரிசு பெற்ற உருவத்தைப் பொம்மையாகச் செய்து கொடுக்கச் சொல்லலாம். அளவும் பக்கவாட்டு வரைபடமும் பிள்ளையிடமே கேட்டு வாங்க வேண்டும். முடிந்ததும் எல்லா ஓவியங்களையும் பிள்ளைகளிடமே திருப்பிக் கொடுங்கள், பரிசு பெறாதவற்றையும்.

இப்படிக்கு,
கடலூர், புதுச்சேரி ஓவியர்கள் சிலர்